வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் இங்கிலாந்தில் யாரைப் பிடிப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டு விறாந்தையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பின்வளவு வேலியோடு ஒரு சிற்றாறு ஓடுகிறது. கவுன்சிலுக்குப் போன் எடுத்தார். ஆறென்றால் என்வயரன்மென்ட் ஏஜென்சியை, அதாவது ஆறுகளின் வெள்ளத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பை, கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சியோ அது தங்கள் வரைபடத்தில் இல்லை, கவுன்சிலைக் கேளுங்கள் என்றது. தண்ணீர்க் கம்பனி, மழைத்தண்ணீர் தங்கள் பொறுப்பில்லை என்றது. மூன்று கிழமை இப்படியே போனது. கார்ப்பெட் நாறித் தூக்கி எறிந்தாயிற்று.

ஆற்றுக்குக் கவுன்சில் எல்லை தெரியாது. அதனால் இப்போது சில இடங்களில் ஒரே ஆற்றின் கரையிலுள்ள கவுன்சில்களும் ஏஜென்சியும் ஊர் மக்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் எட்ஜ்வெயர், ஹாரோ பக்கம் சில்க் ஸ்ட்ரீம் ஆற்றுக்கு பார்னெட், ஹாரோ கவுன்சில்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் அப்படியானது. 2021இல் அரசு தேர்ந்தெடுத்த 25 வட்டாரத் திட்டங்களில் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு அந்தக் கூட்டணி பதில் சொல்லாது. வந்தது எந்தத் தண்ணீர் என்பதை முதலில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏஜென்சி இணையத்தில் வைத்திருக்கும் ‘மெயின் ரிவர்’ (முக்கிய ஆறுகள்) வரைபடத்தில் உங்கள் ஆறு இருந்தால் ஏஜென்சி. இல்லாத ஓடை, மழை பெய்து தரையோடு வரும் வெள்ளம், நிலத்தடியிலிருந்து ஊறும் தண்ணீர் எல்லாம் 2010ஆம் ஆண்டு வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டப்படி கவுன்சில் பார்க்க வேண்டியவை. லண்டனில் உங்கள் பரோ கவுன்சில். வெளியே பல இடங்களில் அது கவுண்டி கவுன்சில். டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் வாசலில் நின்று நாளை வீணாக்காதீர்கள். கழிவறை வழியாகத் திரும்பி வந்தது என்றால் தண்ணீர்க் கம்பனி.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உங்கள் காணி ஓடையைத் தொட்டால், உறுதியில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், ஓடையின் நடுப்பகுதி வரை உங்களுடையது. தண்ணீர் தடையில்லாமல் ஓடவிட வேண்டியதும் நீங்கள்தான். வெட்டிய புல்லைக் கரையில் கொட்டாதீர்கள். அனுமதியில்லாமல் குழாய் போடாதீர்கள், மதில் கட்டாதீர்கள். மெயின் ரிவரிலும் ஏஜென்சிக்குத் துப்புரவாக்கும் அதிகாரம் உண்டே தவிர, செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெள்ளம் வந்த பிறகு கவுன்சில் விசாரித்து அறிக்கை வெளியிட வேண்டும் என்று அந்த 2010 சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேவை என்று கவுன்சில் கருதினால் மட்டும். பெரும்பாலும் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று எண்ணித்தான் முடிவெடுப்பார்கள். வளவும் கராஜும் கணக்கில் வராது. நம்மவர்களோ வீட்டு விலை விழும், காப்புறுதி கூடும் என்று வாயை மூடிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று விடாதீர்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். தண்ணீர் வற்றுவதற்குள் சுவரில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். வீட்டை விற்கும்போதும் வெள்ளம் வந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். அங்கே மறைத்தால் வாங்கியவர் வழக்குப் போடலாம்.

5,000 பவுண்ட் வரையான மானியம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது எப்போதும் திறந்திருப்பதில்லை. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அரசு அறிவித்தால் மட்டும் கவுன்சில் வழியாக வரும். வாசலுக்குத் தடுப்பு, காற்றுத் துவாரத்துக்கு மூடி போன்றவற்றுக்குத்தான், நனைந்த சோபாவுக்கு அல்ல. ‘மானியம் வாங்கித் தருகிறோம்’ என்று கதவைத் தட்டுபவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

காப்புறுதிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தால் ‘ஃபிளட் ரீ’ என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெள்ள ஆபத்துள்ள வீடுகளின் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்க உதவும், 2039 வரை இருக்கும் திட்டம். நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அதில் சேர்ந்த காப்புறுதி நிறுவனம் வழியாகத்தான். 2009 ஜனவரி 1க்கு முன் கட்டிய வீடாக இருக்க வேண்டும். புது வீடு வாங்கியவர்கள் இதைத் தெரியாமல் ஏமாறுகிறார்கள். வாங்குவதற்கு முன்பே கட்டணம் கேட்டுப் பாருங்கள்.

அக்காவின் ஓடை மெயின் ரிவர் இல்லை என்று வரைபடத்தில் காட்டி, அந்தப் படத்தையும் இணைத்துக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ‘இது உங்கள் பொறுப்பா, இல்லையென்றால் யாருடையது, எழுத்தில் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டோம். முறைப்பாட்டு எண் வந்தது. அதன்பிறகு அவரை யாரும் வேறு வாசலுக்கு அனுப்பவில்லை.