மேல்முறையீட்டுத் தாளில் யார் கையெழுத்து?

நில வழக்கில் தோற்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "நகல் மனு போட்டாச்சா?" என்றுதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு அது. நிலமே போகுது, இவர் தாளைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலருக்குக் கோபம் வரும். அப்போது வில்லியம் வெஸ்ட்டின் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநில விவசாயி அவர். பண்ணை அடமானத்தில் இருந்தது. மாநிலம் அச்சடித்த காகிதப் பணத்தில் கடனை அடைக்கப் பார்த்தார். மாநிலச் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்தப் பணத்தின் மதிப்பு அதற்குள் சரிந்துவிட்டது. எதிர்த்தரப்பில் பார்ன்ஸ் என்ற வழக்கறிஞர், தங்கம் வெள்ளிக் காசுதான் வேண்டும் என்று நின்றார். 1791 ஜூனில் கீழ் நீதிமன்றத்தில் வெஸ்ட் தோற்றார்.

உச்ச நீதிமன்றம் அப்போது பிலடெல்பியாவில் இருந்தது. தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் 10 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணை, அதாவது வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்லும் உத்தரவு, கீழ் நீதிமன்றத்துக்கு வந்து சேர வேண்டும். குதிரை வண்டிக் காலத்தில் பிலடெல்பியா போய்த் திரும்பவே அந்த நாள் பத்தாது. வெஸ்ட் உள்ளூர் நீதிமன்ற எழுத்தரிடமே கையெழுத்து வாங்கி அனுப்பினார். 1791 ஆகஸ்ட் 3 அன்று ஐந்து நீதிபதிகளும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றுதான்: உச்ச நீதிமன்ற எழுத்தர் தராத ஆணை செல்லாது. காகிதப் பணம் செல்லுமா என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதுதான் உறுத்துகிறது. அடுத்த ஆண்டே, உள்ளூர் எழுத்தரும் தரலாம் என்று சட்டம் மாறியது. வெஸ்ட்டுக்கு அது உதவவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகல் தயாராகப் பிடிக்கும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: விண்ணப்பித்த நாள், நகல் கட்டணம் கேட்ட நாள், அதைக் கட்டிய நாள், தயாரான நாள், பெற்ற நாள் என்று வரிசையாக இருக்கும். தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காத நாட்கள் உங்கள் கணக்கில்தான் ஏறும். கேட்டவுடன் நகல் கட்டணம் கட்டாமல் விட்ட நாட்களும் அப்படித்தான்.

போன மாதம் வந்த பெரியவர் ஒருவர், நகல் தயாராகி 40 நாள் கழித்து வாங்கியிருந்தார். தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவுக்காக, அந்த 40 நாளும் அவர் எங்கே இருந்தார் என்று இப்போது இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.