பக்கத்து வீட்டு மரம், கிளையில் கூடு: எதை வெட்டலாம், எப்போது வெட்டலாம்?

வேப்பமரம் பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. கிளைகளில் பாதி உங்கள் மொட்டை மாடிக்கு மேலே. சருகு தண்ணீர் டேங்கில் விழுகிறது, மழைநீர்க் குழாயை அடைக்கிறது. சித்திரை பிறந்ததும் காகம் கூடு கட்டி, துணி காயப்போடப் போகிறவர் தலையில் கொத்துகிறது. ஆள் வைத்து வெட்டப் போகிறேன் என்கிறீர்கள் நீங்கள். மரத்தில் கை வைத்தால் போலீசுக்குப் போவேன் என்கிறார் அவர். அதோடு பேச்சு நின்றுபோகிறது.

இதில் இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிளையை வெட்டும் உரிமை ஒரு சட்டத்தில் வருகிறது, கூட்டைத் தொடுவது வேறொரு சட்டத்தில் வருகிறது. கிளை விவகாரம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையிலான சிவில் விஷயம். கூடு அப்படி இல்லை. அது குற்றவியல் விஷயம், எதிர்த்தரப்பு அரசு. மரத்துக்காரரே "தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தாலும், முட்டையும் குஞ்சும் இருக்கிற கூட்டைக் கலைக்க அந்தச் சம்மதம் உதவாது.

கூடு இருந்தால்

வன உயிரின (பாதுகாப்பு) சட்டம், 1972 என்றதும் புலி, யானை, காடு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒன்றல்ல. உங்கள் கொல்லைக்கும் அது பொருந்தும். அதன் பிரிவு 2(16) 'வேட்டை' என்றால் என்ன என்று விளக்குகிறது. துப்பாக்கியால் சுடுவதும் வலை வைப்பதும் மட்டுமல்ல. காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. ஆக, கூடுள்ள கிளையை அரிவாளால் இறக்குகிறவர் சட்டத்தின் கண்ணில் வேட்டையாடியவர் ஆகிவிடுகிறார்.

எந்தப் பறவைக்கு இது பொருந்தும்? சட்டத்தின் அட்டவணை 1, அட்டவணை 2 ஆகியவற்றில் உள்ளவற்றுக்கு. 2022இல் வந்த திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இந்த இரண்டும்தான். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பச்சைக்கிளி இரண்டாவதில். காகத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: அது 'தீங்குயிரி' பட்டியலில் இருக்கிறது, என்ன செய்தாலும் கேள்வி இல்லை என்று. அப்படி ஒரு பட்டியல் அட்டவணை 5 என்ற பெயரில் இருந்தது உண்மைதான், காகம் அதில் இருந்ததும் உண்மைதான். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. என் யோசனை இதுதான்: பறவை எந்த அட்டவணை என்று தேடிக்கொண்டிருக்காமல், கூடு என்றாலே பாதுகாக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து பார்த்து இனத்தைச் சரியாகச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

தண்டனை சின்னதில்லை. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணைப் பறவை என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மரம் ஏறியவர் மட்டும் மாட்டுவார் என்றும் நினைக்க வேண்டாம். தூண்டியவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார் என்கிறது பிரிவு 52. கூலி கொடுத்து ஏற்றிவிட்ட வீட்டுக்காரர் அதில் வந்துவிடுவார்.

இதெல்லாம் காகிதத்தில்தானே என்று கேட்பவர்களுக்கு, 2022 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 66ஐ அகலப்படுத்தும் வேலையில் கூடுகள் நிறைந்த ஒரு மரத்தை இயந்திரத்தால் சாய்த்தார்கள். குஞ்சுகள் தரையில் விழுந்து செத்தன. அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது, கேரள வனத்துறை இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிந்தது. சாலைக்காக வெட்டினோம் என்பது காப்பாற்றவில்லை. துணி காயப்போட இடைஞ்சல் என்பது எந்த மூலைக்கு?

சரி, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். தேன்சிட்டு மாதிரி சின்னப் பறவைகள் ஒரு மாதத்தில் வேலையை முடித்துக் கிளம்பிவிடும்: இரண்டு வாரம் அடைகாப்பு, ஏறக்குறைய இரண்டு வாரம் குஞ்சு வளர்ப்பு. காகத்துக்கு அடைகாக்க 16, 17 நாள், குஞ்சு பறக்க இன்னும் மூன்று நான்கு வாரம். கொக்கு, நாரை வகைக்கு இரண்டு மூன்று மாதம் என்று வையுங்கள். கூட்டமாகக் கூடு கட்டுகிற பறவைகள் எல்லாம் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால் அந்த மரத்தில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். நம்மூரில் காகத்துக்குக் கோடை, கிளிக்குத் தை மாசி, நீர்ப்பறவைகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் அதற்கு அடுத்த மாதங்களும். கிளியும் மைனாவும் பொந்தில் கூடு கட்டுவதால் கீழிருந்து பார்த்தால் தெரியாது. பட்ட கிளைதானே என்று வெட்டி இறக்கியபின் உள்ளே குஞ்சு இருப்பது அப்படித்தான். வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் காலையில் மரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வாயில் இரையோடு பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அங்கே குஞ்சு உண்டு.

காலியாகத் தெரிகிற கூட்டிலும் ஒரு சிக்கல். முட்டை உள்ள கூடு, காலிக் கூடு என்று சட்ட வாசகம் பிரித்துச் சொல்லவில்லை. பருந்து போன்றவை பழைய கூட்டையே சரிசெய்து அடுத்த ஆண்டும் வரும். பெரிய கூடாக இருந்தால் வனச்சரக அலுவலரிடம் ஒரு மனு கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அதுவரை என்ன செய்வது? கொத்துகிற காகம் குஞ்சைக் காக்கத்தான் கொத்துகிறது. இரண்டு மூன்று வாரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள், அல்லது கொடியை மாற்றிக் கட்டுங்கள். டேங்குக்குச் சரியான மூடி போடுங்கள். எச்சத்தை உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள், தூசி மூச்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு கழுவிவிடுங்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன; எச்சம் விழுந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்று ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. கர்நாடகத்தின் கொக்கரே பெல்லூரில் கூடுள்ள புளியமரத்தில் காய் உலுக்காமல் விடுகிற சொந்தக்காரருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்துவந்திருக்கிறது. நம் தெருவில் அப்படி யாரும் பணம் தரப்போவதில்லை, அது வேறு கதை.

குஞ்சு கீழே விழுந்தால் முடிந்தால் கூட்டிலோ பக்கத்துக் கிளையிலோ வைத்துவிடுங்கள். காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிளிக் குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் இதே சட்டப்படி குற்றம்.

கூடு இல்லை என்றால்

இப்போது சிவில் பக்கம். எல்லை தாண்டி உங்கள் நிலத்துக்கு மேலே நீளும் கிளையும், அடியில் நுழையும் வேரும் 'தொல்லை' என்ற வகையில் வரும். தனிச் சட்டம் எதுவும் இல்லை. நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் பொதுச்சட்டக் கோட்பாடு இது. எல்லைக் கோடு வரைக்கும், உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பல வருடமாகக் கிளை அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி மரத்துக்காரர் உரிமை கொண்டாட முடியாது.

ஆனால் அவர் கொல்லைக்குள் இறங்கி வெட்ட முடியாது, எல்லையைத் தாண்டி ஒரு சாண்கூட உள்ளே போகக் கூடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் அவருடையவை. முருங்கைக்காய் உங்கள் பக்கம் தொங்கினாலும் கணக்கு அதுதான். பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்றால் சந்தோஷம். ராத்திரியில் வேரில் ஆசிட் ஊற்றுவது, தண்டில் துளை போட்டு மருந்து வைப்பது எல்லாம் சொத்தைச் சேதப்படுத்திய குற்றமாகும். அடிமரம் சரியாக எல்லைக் கோட்டிலேயே நின்றால் அது இருவருக்கும் சொந்தம், ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. எல்லையே தகராறு என்றால் முதலில் நில அளவைக்கு மனு போட்டு, சர்வேயர் வந்து கல்லைக் காட்டட்டும். மரத்தைப் பற்றிய பேச்சு அப்புறம்.

வேர் காம்பவுண்டு சுவரைப் பிளந்துவிட்டால் நிபந்தனைகளோடு ஒரு வக்கீல் நோட்டீஸ்; கேட்கவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டில் வேரை அகற்ற உத்தரவு கேட்டும் நஷ்டஈடு கேட்டும் வழக்கு. விரிசலைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

மரம் தெருவிலோ புறம்போக்கிலோ இருந்தால் கதையே வேறு. அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்தப் பட்டா மரத்துக்கும் அனுமதி தேவை. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. சந்தன மரம் எங்கே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள்.

விழப்போகிற மரம்

கூடும் இருக்கிறது, மரமும் சாய்கிறது என்பதுதான் கஷ்டமான நிலை. இதற்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152 இருக்கிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133). விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., உத்தரவிடலாம். மரத்துக்காரர் ஆட்சேபணை சொல்ல வாய்ப்பு உண்டு. மனுவில் கூடு இருப்பதையும் மறைக்காமல் எழுதி, நகலை வனச்சரக அலுவலருக்கு அனுப்புங்கள். முழு மரத்தையும் சாய்க்காமல் கூடில்லாத கனமான கிளைகளை மட்டும் இறக்கி, மீதியைக் குஞ்சு பறக்கும்வரை கயிறு கட்டி நிறுத்த முடியுமா என்று பார்க்க அவர்களுக்கு அப்போதுதான் வழி இருக்கும். மின்கம்பியில் உரசுகிற கிளையாக இருந்தால் நீங்கள் ஏறவே வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

யாரிடம் போவது

கூட்டோடு மரத்தை வெட்டுகிறார்கள் என்றால் 112க்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். கூடு, முட்டை, வெட்டுகிற ஆள் மூன்றும் தெரிகிற படம் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். வனத்துறை அசையவில்லை என்றால் வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 55இன்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம்.

ஆபத்து இல்லாத, வெறும் மனஸ்தாபம் என்றால் கோர்ட்டுக்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். தாலுகா அளவிலேயே அதன் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துவைப்பார்கள். அங்கே கட்டணம் இல்லை, ஆகிற முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு.

அங்கேயோ வீட்டுத் திண்ணையிலேயோ உடன்பாடு ஆனால் அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எந்தக் கிளை, எந்த மாதம், கூலி யார் கொடுப்பது, வெட்டும் நாளில் இருவர் வீட்டிலிருந்தும் ஆள் நின்று கூடு இல்லை என்று பார்ப்பது. கூலியைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளச் சொல்வேன். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மரத்தில் எது கூடு கட்டும் என்று மரத்துக்காரரையே கேளுங்கள், வருடம் முழுக்க அதைப் பார்க்கிறவர் அவர்தான்.