வெள்ளிக் கரண்டிக்குத் தெரியாத நஞ்சு

மழை விட்டு நாலு நாள் ஆனால் போதும், காளான் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை ஒரு வாசகர் கேட்டிருப்பது: “காட்டுக் காளானை வேகவைக்கும்போது வெள்ளிக் கரண்டியைப் போட்டுப் பார்த்து, கரண்டி கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார்களே, சரியா?”

சரியில்லை. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அவித்த முட்டை பட்டாலும் கரண்டி கறுக்கும், முட்டையில் நஞ்சு கிடையாது. ஆளைக் கொல்லும் காளானோ கரண்டியைப் பளபளவென்று அப்படியே விட்டுவிடும். புழு அரித்திருந்தால் நல்ல காளான், தோல் உரிந்தால் நல்ல காளான், கூடவே வேகவைத்த அரிசி நிறம் மாறாவிட்டால் நல்ல காளான் என்பதெல்லாமும் இதே வகைதான். ஒன்றுகூட உயிரைக் காப்பாற்றாது.

இலை, பழம் விஷயத்தில் நம் நாக்கு ஓரளவு உதவும். வசந்தத்தில் தளிர், கோடையில் பழம் என்று தேடிப் போகிறவர்களுக்கு இது பழக்கம். விதை முற்றும்வரை காய் துவர்க்கும், புளிக்கும். முற்றியதும் நிறம் மாறி இனிக்கும். யாராவது தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது செடியின் தேவை. அந்த ‘யாராவது’ நாமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் கறுத்த பழம் இனிப்பானதுதான், உள்ளே இருப்பது அட்ரோபின் என்ற நஞ்சு. குடைக்காளானுக்கு இந்தப் பேரமே கிடையாது. அதன் வித்துகள் பெரும்பாலும் காற்றில் போகின்றன. தின்ன வருபவரின் நாக்கோடு அதற்கு எந்த ஒப்பந்தமும் இல்லை.

அமானிடா ஃபல்லாய்டிஸ், அதாவது ‘டெத் கேப்’, அதற்கு உதாரணம். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் பலர் அது ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலுள்ள முக்கிய நஞ்சு ஆல்ஃபா அமானிடின். 8 அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் ஒரு சின்ன வளையம் அது. வளையத்தின் குறுக்கே இன்னொரு பாலமும் உண்டு. இந்த இறுக்கமான கட்டமைப்பால் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் அது சிதைவதில்லை. வயிற்று அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. ஆளைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.1 மில்லிகிராம் போதும். ஒரே ஒரு காளானில் அந்த அளவு இருந்துவிடலாம்.

இனிதான் நான் சொல்ல ஆசைப்படும் பகுதி. நம் செல்லின் உட்கருவில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்று ஒரு நொதி இருக்கிறது. டி.என்.ஏ. மேல் ஊர்ந்துகொண்டே மரபணுவை எழுத்தெழுத்தாகப் படியெடுப்பது அதன் வேலை. தையல் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி ஒரு தையல் போட்டதும் அடியிலுள்ள பல் துணியை ஒரு சிட்டிகை முன்னே தள்ளும், அப்புறம்தான் அடுத்த தையல். பாலிமரேஸுக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்த பிறகு உள்ளேயிருக்கும் ஒரு சுருளும் ஒரு வளைவும் லேசாக அசைந்து, டி.என்.ஏ.வை ஓர் எழுத்து தள்ளிவிட வேண்டும். அமானிடின் போய் உட்காரும் இடம் அந்தச் சுருளுக்கு அடியில். பல்லுக்கு அடியில் சிக்கிய கூழாங்கல் மாதிரி. ஊசி ஒடியவில்லை, நூல் அறவில்லை, துணி மட்டும் நகர மறுக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் படியெடுத்த நொதி, நிமிடத்துக்குச் சில எழுத்துகளோடு தள்ளாடும்.

செல் உடனே செத்துவிடாது. ஏற்கெனவே எடுத்த படிகளும் செய்து வைத்த புரதங்களும் தீரும்வரை வண்டி ஓடும். சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் வரை பொதுவாக எந்தத் தொல்லையும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. அது அடங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் நிம்மதியாவார்கள். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். பித்த அமிலங்கள் நுழையும் வாசல் வழியாகவே நஞ்சும் கல்லீரல் செல்லுக்குள் போகிறது. பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, மறுபடி உறிஞ்சப்பட்டு, மறுபடி கல்லீரலுக்கே வருகிறது.

கெட்டதைத் தின்றால் உடனே குமட்ட வேண்டும், அப்போதுதான் உடம்பு பாடம் படிக்கும். இங்கே தண்டனை மறுநாள் வருகிறது. ‘போன வருடம் கரண்டி கறுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம், போன வருடக் காளான் நல்ல காளான் என்பதற்கு மட்டுமே சாட்சி. நம்பிக்கைகளை மதிக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். புழுவும் நத்தையும் தின்கின்றனவே என்பதும் செல்லாது. சில ஈ இனங்கள் இந்த நஞ்சைத் தாங்கிக்கொண்டு இதே வகைக் காளான்களில் குஞ்சு வளர்க்கின்றன.

கூழாங்கல் எங்கே சிக்குகிறது என்பது எப்படித் தெரியும்? அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழு ஈஸ்ட் செல்லின் பாலிமரேஸைப் படிகமாக்கி, அமானிடின் ஒட்டிய நிலையில் 2002இல் படம்பிடித்தது. மரபணு படியெடுத்தல் ஆய்வுக்காக 2006இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஈஸ்டைப் போய் இத்தனை வருடம் நோண்டுவதற்குப் பணமா என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டிய பணம்தான் அது. இன்றும் இந்த நஞ்சுக்கு உறுதியான மாற்று மருந்து இல்லை. பால் நெருஞ்சில் என்ற செடியிலிருந்து எடுக்கும் சிலிபினின் என்ற மருந்து, கல்லீரலின் அந்த வாசலை அடைக்கப் பார்க்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் எலிகளின் கல்லீரல் பாதிப்பைக் குறைத்தது. யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, எப்படித்தான் அடையாளம் காண்பது? குறுக்குவழி இல்லை, இனத்தையே தெரிந்துகொள்ள வேண்டும். அடித்தண்டை அறுக்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். அமானிடாவின் கிண்ணம் போன்ற உறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். அப்புறம் எனக்கு மிகப் பிடித்த வேலை: குடையை மட்டும் நறுக்கி, செவுள் (குடையின் அடியிலுள்ள மடிப்புகள்) கீழே பார்க்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வையுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், விரலால் தொட்டாலே கலையும் தூளில் செவுள்களின் வரிவரியான அச்சு. நாம் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கும் அடியில் அதே போன்ற உறை உண்டு, ஆனால் அச்சு இளஞ்சிவப்பு. டெத் கேப்பின் அச்சு வெள்ளை. வெள்ளை அச்சு விடும் நல்ல காளான்களும் ஏராளம், அதனால் இது ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல. உறை கிழியாத முட்டைப் பருவத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், வித்து உதிர்க்கச் செவுளே விரிந்திருக்காது. அந்த முட்டைகளை நான் தொடுவதே இல்லை.