ரன்னிங் ரூமில் யாரும் ஓடுவதில்லை

என் பெரிய மாமா ரயில் ஓட்டுநராக இருந்தவர். "நேத்து ராத்திரி ஜோலார்பேட்டை ரன்னிங் ரூம்லதான் படுத்தேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சின்ன வயதில் எனக்கு ஒரே குழப்பம். ஓடுகிற ரூமில் மனுஷன் எப்படித் தூங்குவார்? ரயில் பெட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒருநாள் வாசலில் நிறுத்திக் காட்டினார். வரிசையாகக் கட்டில்கள், கொசுவலை, பட்டப்பகலில் இழுத்து மூடிய திரைச்சீலை. "சத்தம் போடாதே, தூங்குறாங்க" என்றார். ரன்னிங் ரூமில் அதுதான் முதல் விதி.

ரயிலோடு கூடவே போகிற ஊழியர்களுக்கு ரயில்வேயில் ரன்னிங் ஸ்டாஃப் என்று பெயர். லோகோ பைலட், உதவி லோகோ பைலட், கார்டு (2022 முதல் இவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்) எல்லாரும் அதில் அடக்கம். ஓடிய கிலோமீட்டர் கணக்கில் இவர்களுக்குக் கிடைக்கும் படி ரன்னிங் அலவன்ஸ். வெளியூரில் வேலை முடித்து இறங்கினால் படுத்து எழ ஓர் இடம் வேண்டுமே, அது ரன்னிங் ரூம். நடுவிலிருந்த 'ஸ்டாஃப்' உதிர்ந்துபோனதால் வந்த வினை இது. 'ஓடும் அறை' என்று எழுதினால் சிரிப்புதான் வரும். 'ஓட்டுநர் ஓய்வறை' என்றால் பாவம், கார்டு வெளியே நிற்பார். 'ரயில் பணியாளர் ஓய்வறை' என்றால் ஸ்டேஷன் மாஸ்டரும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். என்னைக் கேட்டால் 'ஓட்டப் பணியாளர் ஓய்வறை'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் விட்டுப்போகவில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்த 'இங்' விகுதி. பழைய ஆங்கிலத்தில் இது ஒன்றாக இல்லை, இரண்டாக இருந்தது. வினையைப் பெயராக்க 'உங்' அல்லது 'இங்' சேர்ப்பார்கள். நம் தொழிற்பெயர் மாதிரி, ஓடுதல், ஓட்டம். 'ஓடுகிற' என்று அடைமொழியாகச் சொல்ல 'எண்டெ' என்று வேறொரு விகுதி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் உருகி ஒரே 'இங்' ஆகிவிட்டன. ஜெர்மன் இன்றும் 'உங்', 'எண்ட்' என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆகவே ஓர் 'இங்'கைப் பார்த்தால் அது எந்த 'இங்' என்று முதலில் கேட்க வேண்டும். ரன்னிங் வாட்டரில் ஓடுவது தண்ணீர். ரன்னிங் ஷூவில் ஷூ தானாக ஓடுவதில்லை. அது ஓட்டத்துக்கான ஷூ.

நமக்கும் இந்த விளையாட்டு புதிதில்லை. ஓடுதளம் என்கிறோம், தளமா ஓடுகிறது? ஊறுகாயை வைத்து வினைத்தொகை படித்தது ஞாபகம் இருக்கும்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. 'இங்'குக்குத் தமிழில் நேர் சொந்தக்காரன் யார் என்றால் நான் வினைத்தொகையைத்தான் காட்டுவேன். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் '-தல்' ஒட்டிக்கொண்டிருக்காமல் இந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம்.

மீதிப் பாதிக் காரணம் 'ரன்' என்ற வினையே. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. அடுத்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டுமே 645 பொருள் என்று எண்ணியிருக்கிறார்கள். எப்படி இவ்வளவு? பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கும் நீர் பாய்வதற்கும் 'ரின்னன்' என்று ஒரு வினை, ஓடவைப்பதற்கு 'ஏர்னன்' என்று இன்னொரு வினை. அச்சு அசலாக நம் ஓடு, ஓட்டு ஜோடிதான். பிற்காலத்தில் இரண்டும் 'ரன்'னுக்குள் அடங்கிவிட்டன. அதனால் அங்கே குதிரை ஓடினாலும் 'ரன்', ஒருவர் கடை நடத்தினாலும் 'ரன்'.

தமிழ் அந்த ஜோடியைத் தொலைக்கவில்லை. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறோம். பொழுது ஓடுகிறது, பொழுதை ஓட்டுகிறோம். வியாபாரம் ஓடவில்லையா, ஈ ஓட்டுகிறோம். யாராவது மாட்டினால் அவரையும் ஓட்டுகிறோம். ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பரீட்சை ஹாலில் மட்டும் "ஒண்ணுமே ஓடல". இவ்வளவு இருக்க, ஆபீஸ் தமிழில் எதையெடுத்தாலும் 'இயங்குகிறது', 'இயக்கப்படுகிறது' என்று எழுதுகிறார்கள். மோட்டார் ஓடுகிறது என்றால் மரியாதை குறைந்துவிடுமா என்ன?

ஆனால் 'ரன்னிங்' வந்த இடமெல்லாம் ஓட்டத்தைக் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. கண்டக்டர் "ரன்னிங்ல இறங்காதீங்க" என்றால் 'ஓடுற பஸ்ல' என்று அப்படியே சொல்லலாம். கிரிக்கெட்டின் ரன்னிங் கமெண்ட்ரிக்கு நேர்முக வர்ணனை என்று வானொலிக் காலத்திலேயே நல்ல பெயர் கிடைத்துவிட்டது. சளி பிடித்த மூக்கு தமிழில் ஓடாது, ஒழுகும். ரன்னிங் ஸ்டிட்சுக்கு ஓட்டுத்தையல். அமெரிக்கத் தேர்தலில் வரும் ரன்னிங் மேட் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தவர். தன் லாயத்துக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க உடன் ஓடிய துணைக் குதிரைக்கு அந்தப் பெயர் இருந்தது. நமக்குத் 'துணை அதிபர் வேட்பாளர்' என்றால் போதும், குதிரை வேண்டாம்.

வீடு கட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும், ரன்னிங் ஃபீட். தரைக்கு டைல்ஸ் போட்டால் கூலி சதுர அடிக் கணக்கு. சுவரோரமாக நாலு அங்குல உயரத்துக்கு ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் ஃபீட் கணக்கு. உயரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, நீளத்தை மட்டும் டேப் பிடித்து அளப்பார்கள். பத்துக்குப் பத்து அறை என்றால் தரை 100 சதுர அடி, சுற்றுச்சுவர் 40 ரன்னிங் ஃபீட், அதில் வாசலுக்கு மூன்றடி கழியும். தமிழில் 'நீள அடி' என்று எழுதிக்கொடுத்தேன். கொத்தனார் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி சார், ரன்னிங் ஃபீட்தானே?" என்றார்.