கான்ட்ரா புரொஃபரென்டெம்: எழுதியவருக்கு எதிரான பொருள்கோள்

காப்பீட்டு வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் அடிக்கடி எடுத்தாளும் லத்தீன் தொடர் இது. 'கான்ட்ரா' என்றால் எதிராக. 'புரொஃபரென்ஸ்' என்றால் முன்வைப்பவர். 'முன்' என்னும் பொருளுள்ள 'புரோ'வும் 'கொண்டுவருதல்' என்னும் பொருளுள்ள 'ஃபெர்ரே'யும் சேர்ந்து உருவானது. ஒப்பந்த வாசகம் இருவிதமாகப் பொருள்பட்டால், அதை எழுதி நீட்டியவருக்குப் பாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பது விதி. பொதுவாகப் பாலிசியின் வாசகம் முழுவதும் காப்பீட்டு நிறுவனம் எழுதியது. வாங்குபவருக்கு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வழியில்லை. எனவே இவ்விதி நியாயமானது என்றே சொல்வேன்.

தமிழில் 'எழுதியவருக்கு எதிரான பொருள்கோள்' எனலாம். செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் காணும் முறைக்கு இலக்கணம் வைத்த பெயர் பொருள்கோள். நீதிபதி செய்வதும் அதுதான். 'எதிர்விளக்கம்' என்று சுருக்கினால் யாருக்கு எதிர் என்பது தொலைந்துவிடும்.

வெவ்வேறு மாநிலத்தார் மோதும், 75,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வரலாம். வந்தாலும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1938ஆம் ஆண்டு ஈரி ரயில்வே தீர்ப்புப்படி, அங்கே செல்லுபடியாவது மாநிலச் சட்டமே. பாலிசியின் பொருள் சட்டக் கேள்வி என்பதால், மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படாமல் வாசகத்தைப் புதிதாகப் படிக்கிறது.

வாசகம் உண்மையிலேயே இருபொருள்படுகிறதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலின்போது லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கால்வாய்க் கரைகள் உடைந்து வீடுகள் மூழ்கின. பாலிசிகளோ வெள்ளச் சேதத்தை விலக்கியிருந்தன. கரை உடைந்தது மனிதர்களின் அலட்சியத்தால், 'வெள்ளம்' இயற்கைப் பெருக்கை மட்டுமே குறிக்கலாம் என்று வீட்டுக்காரர்கள் வாதாடினார்கள். கீழ் நீதிமன்றம் சில பாலிசிகளைப் பொறுத்தவரை இதை ஏற்றது. ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் அதை மாற்றியது: கரை எதனால் உடைந்தாலும், வறண்ட நிலத்தை மூடிய நீர் வெள்ளமே, அகராதியும் அன்றாட வழக்கும் அப்படித்தான் சொல்கின்றன. வேறு வழியில் தீராத ஐயம் இருந்தால் மட்டுமே எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்ள வேண்டும் என்கிறது லூசியானா குடிமைச் சட்டத்தின் 2056ஆம் பிரிவு. ஐயமே இல்லை என்றானபின் விதிக்கு அங்கே வேலையில்லை. சொல்லாராய்ச்சியாக இதை மறுப்பது கடினம். ஆனாலும் 'மனிதரால் நேர்ந்த வெள்ளமும்' என்று தெளிவாக எழுதியிருக்கக்கூடிய நிறுவனங்கள் எழுதாமல் தப்பியது என்னை உறுத்துகிறது.

1990இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விதி பலித்தது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் சிகிச்சைக்கு, 'மனநோய்'க்குரிய வரம்பான 10,000 டாலரை மட்டுமே நிறுவனம் கொடுத்தது. மனநோயை வரையறுப்பது காரணமா, அறிகுறியா என்று பாலிசி சொல்லவில்லை. வாசகம் இருபொருள்பட்டதால், எழுதிய நிறுவனத்துக்கு எதிராக, ஆட்டிசம் அதில் அடங்காது என்று தீர்ப்பானது, வரம்பு விலகியது.