'வித்தவுட் பிரஜுடிஸ்' எந்தக் கடிதத்தில் போடலாம்?

போன மாதம் வக்கீலான என்னிடம் ஒரு கட்சிக்காரர் தன் கடை வாடகைதாரருக்கு அனுப்பிய பதினோரு கடிதங்களைக் கொண்டுவந்தார். "ஜூலை வாடகை வரவில்லை", "கரண்ட் பில் கட்டுங்கள்" என்று சாதாரண நினைவூட்டல்கள். எல்லாவற்றின் தலையிலும் கொட்டை எழுத்தில் 'வித்தவுட் பிரஜுடிஸ்'. ஏன் என்று கேட்டேன். "வக்கீல் கடிதத்தில் அப்படித்தானே சார் இருக்கும்?" என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 'பிரஜுடிஸ்' என்றால் இந்த இடத்தில் பாதகம் என்று பொருள். தகராறு இருக்கும்போது சமரசத்துக்காக நாம் இறங்கிவந்து சொன்னதை நாளைக்குக் கோர்ட்டில் நமக்கு எதிராகக் காட்டக் கூடாது. அதற்குத்தான் இந்தச் சொல். சிவில் வழக்குகளில் இந்தப் பாதுகாப்பைத் தந்தது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 21ஆம் பிரிவு.

துணி சப்ளை செய்தவர் 4,80,000 ரூபாய் கேட்கிறார், பாதிச் சரக்கில் சாயம் போய்விட்டது என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நான் பாக்கி எதுவும் தர வேண்டியதில்லை. ஆனாலும் வழக்கு வேண்டாம் என்பதற்காக 3,00,000 தருகிறேன், இதோடு முடித்துக்கொள்வோம்" என்று எழுதுகிறீர்களா? அந்தக் கடிதத்தில் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால், மூன்று லட்சத்தை நீங்களே ஒத்துக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாடும். சூழ்நிலையைப் பார்த்து அது சமரசப் பேச்சுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம்.

வாடகை நினைவூட்டல் கதை வேறு. 'கேட்டேன், தரவில்லை' என்று காட்ட உங்களுக்கே அது நாளை சாட்சியம். தலைப்பை மட்டும் பார்த்து நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடாது, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும். ஆனாலும் எதிர்த்தரப்பு ஆட்சேபம் கிளப்ப நாமே ஏன் வழி விட வேண்டும்?

அப்புறம், 'வித்தவுட் பிரஜுடிஸ் டூ' என்று இன்னொன்று உண்டு. வர வேண்டியதில் ஒரு பகுதி மட்டும் வருகிறது, வாங்கிக்கொள்கிறீர்கள். "மீதித் தொகைக்கான என் உரிமைக்குப் பாதகமின்றி இந்த 2,00,000 ரூபாயைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுவது இந்த வகை. இந்த ரசீதை நீங்கள் கோர்ட்டில் காட்டியே ஆக வேண்டும். அதனால் தலைப்பில் வெறும் இரண்டு சொல்லாகப் போடாமல், எந்த உரிமையை விடவில்லை என்பதைக் கடிதத்துக்குள் முழு வாக்கியமாக எழுதுங்கள்.