400 கிலோவோல்ட் பாதைக்குக் கம்பி எவ்வளவு பருமன்?

மின் கோபுரங்களில் இழுக்கும் கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது "எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். 400 கிலோவோல்ட் அளவுக்குப் போய்விட்டால் அந்தக் கேள்வி மட்டும் போதாது. அங்கே கம்பியின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மின்னோட்டமல்ல, மின்னழுத்தம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 600 மெகாவாட்டை 0.95 திறன் காரணியில் (அனுப்பும் திறனில் உண்மையில் பயன்படும் பங்கு) அனுப்பினால் மூன்று ஃபேஸ்களில் (மும்முனை மின்சாரத்தின் மூன்று தடங்கள்) ஒவ்வொன்றிலும் சுமார் 912 ஆம்பியர் ஓடும். 'மூஸ்' எனப்படும் ஏ.சி.எஸ்.ஆர். (எஃகு வலுவூட்டிய அலுமினியக்) கம்பியை எடுத்துக்கொள்வோம். நடுவில் 7 எஃகு இழைகள், சுற்றிலும் 54 அலுமினிய இழைகள். இழை ஒவ்வொன்றும் 3.53 மி.மீ., மொத்த விட்டம் 31.77 மி.மீ. இழுவிசையைத் தாங்க எஃகு வலு சேர்க்கும், மின்சாரத்தை அலுமினியம் கடத்தும். குளிர்ந்த பகுதியில், காற்றும் வீசினால், ஒற்றை மூஸ் கம்பியே இந்த மின்னோட்டத்தைச் சமாளித்துவிடக்கூடும்.

ஆனால் அதன் மேற்பரப்பைப் பாருங்கள். ஃபேஸ்களுக்கு இடையே 11 மீட்டர் இருந்தால், கம்பியை ஒட்டிய காற்றில் மின்புலம் செ.மீ.க்கு ஏறத்தாழ 22 கிலோவோல்ட். சாதாரணக் காற்று 21 அளவிலேயே அயனியாகத் தொடங்கிவிடும். இதுதான் கொரோனா: இரவில் ஊதா ஒளி, சடசடப்பு, வானொலி இரைச்சல், வீணாகும் மின்சாரம். அதே கம்பியை ஃபேஸுக்கு இரண்டாக, இரண்டுக்கும் நடுவே 45 செ.மீ. இருக்கும்படி ஸ்பேசர் (இடைவெளியைக் காக்கும் பிடிப்பான்) வைத்துப் பிடித்தால் மின்புலம் 16க்கு இறங்கிவிடும். இரு கம்பிகளும் மின்னூட்டத்தைப் பகிர்ந்துகொண்டு, தொலைவிலிருந்து 8.5 செ.மீ. ஆரமுள்ள ஒரே கம்பிபோல நடந்துகொள்வதே காரணம். இந்தக் கணக்கு வழவழப்பான கம்பிக்கானது. தரையில் இழுபட்டுக் கீறல் விழுந்தால் ஒவ்வொரு பிசிறும் ஒரு கொரோனா முனையாகிவிடும். கப்பிகளின் மேல், தரை தொடாமல், இழுவிசையோடு கம்பியை ஓடவிடுவது இதற்காகத்தான். மழைத்துளிகளும் கீறலைப் போலவே செயல்படும். மழை நாளில் இரைச்சல் கூடுவது அதனால்.

அடுத்தது இழப்பு. 75 டிகிரி செல்சியஸில் மூஸின் தடை கி.மீ.க்குச் சுமார் 0.068 ஓம். இரட்டைக் கம்பியில் 100 கி.மீ.க்கு 8.5 மெகாவாட் வெப்பமாகப் போகும். ஒற்றைக் கம்பியென்றால் 17. கம்பியில் போட்ட முதலின் ஆண்டுச் செலவும் இழப்பின் ஆண்டுச் செலவும் சமமாகும் பருமனே சிக்கனமானது என்று இயற்பியலாளர் கெல்வின் 1881இலேயே சொன்னார். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்பதால் இந்தக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உச்ச மின்னோட்டத்தை ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வைத்தால் இழப்பு பல மடங்கு பெருகித் தெரியும். சராசரி மின்னோட்டத்தை வர்க்கப்படுத்தினால் குறைந்து தெரியும். ஒவ்வொரு மணியின் மின்னோட்டத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவதே சரி.

கடைசியாகத் தொய்வு. மூஸ் மீட்டருக்கு 2 கிலோ எடை. 400 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோபுரங்களுக்கு நடுவே 35 கிலோநியூட்டன் விசையில் இழுத்துக் கட்டினாலும் நடுவில் 11 மீட்டர் தொங்கும். வெப்பநிலை 50 டிகிரி ஏறினால் கம்பி 30 செ.மீ.க்குச் சற்று மேல்தான் நீளும். ஆனால் நடுப்பகுதி சுமார் 2 மீட்டர் தாழ்ந்துவிடும். தரை இடைவெளியைக் குளிர்ந்த கம்பிக்கு அளந்து கோபுர உயரத்தை முடிவுசெய்தால், உச்ச மின்னோட்டமும் காற்றில்லாத வெயிலும் சேரும் நாளில் அந்த 2 மீட்டர் கீழே உள்ள மரங்களுக்கு எட்டிவிடும்.